நிமிர்த்தி வைத்த இறக்கை: காற்றுக்கு எதிரே பாய்மரப் படகு போவது எப்படி?

[திரையில்: நைல் நதியின் வரைபடம்.]

பழைய எகிப்தியரின் சித்திர எழுத்தில் இரண்டு படகுகள் உண்டு. ஒன்றில் பாய் விரிந்திருக்கும். அது தெற்கே போவதைக் குறிக்கும். இன்னொன்றில் பாய் விரிந்திருக்காது. அது வடக்கே போவதைக் குறிக்கும். நைல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. காற்றோ பெரும்பாலும் வடக்கிலிருந்து தெற்கே வீசுகிறது. போகும்போது காற்று தள்ளும், திரும்பும்போது தண்ணீர் இழுத்து வரும். அந்த நதிக்குப் பாய் என்பது காற்றைப் பிடிக்கும் பையாக இருந்தாலே போதும்.

[திரையில்: பசிபிக் பெருங்கடல். கிழக்கிலிருந்து மேற்கே நகரும் அம்புக்குறிகள்.]

பசிபிக்கில் கதை வேறு. அங்கே வெப்பமண்டலத்தில் ஆண்டின் பெரும்பகுதி வியாபாரக் காற்று கிழக்கிலிருந்து மேற்கே வீசுகிறது. நீரோட்டமும் பெரும்பாலும் அதே திசைதான். ஆனால் மனிதர்கள் பரவிய திசை நேர் எதிர். தைவான், பிலிப்பைன்ஸ் பக்கமிருந்து புறப்பட்ட ஆஸ்ட்ரோனேசிய மொழி பேசிய மக்கள், தலைமுறை தலைமுறையாகக் கிழக்கே நகர்ந்து, ஏறக்குறைய 2,800 ஆண்டுகளுக்கு முன்பே டோங்காவையும் சமோவாவையும் அடைந்துவிட்டார்கள். பிற்பாடு ஹவாய், ஈஸ்டர் தீவு வரைக்கும் போனார்கள்.

காற்று அடிக்கும் பக்கம் போவதுதானே சுலபம், ஏன் எதிரே போனார்கள்? தெரியாத கடலுக்குள் எதிர்காற்றில் போகிறவனுக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது. தீவு எதுவும் தட்டுப்படவில்லையா, பாயைத் திருப்பிக்கொண்டால் போதும், காற்றே வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடும். காற்றோடு போகிறவனுக்குத்தான் திரும்பும் வழி அடைபடும். தேடிப் போகிறவனுக்கு எதிர்காற்றுதான் துணை. ஆனால் இந்தக் கணக்கு பலிக்க வேண்டுமானால், முதலில் எதிர்காற்றில் ஏறிப்போகத் தெரிந்திருக்க வேண்டும்.

இதை வெளியுலகம் நம்ப நெடுங்காலம் ஆனது. 1947இல் நார்வேக்காரரான தோர் ஹெயர்டால் பெருவிலிருந்து ஒரு தெப்பத்தில் காற்றோடும் நீரோட்டத்தோடும் மிதந்து, 101 நாளில் பாலினேசியாவை எட்டினார். தீவுகளில் குடியேறியவர்கள் அமெரிக்காவிலிருந்து அப்படி மிதந்து வந்திருக்கலாம் என்பது அவர் வாதம். 1976இல் ஹோக்குலேயா என்ற இரட்டை உடல் படகு ஹவாயிலிருந்து தஹீதிக்குப் புறப்பட்டது. திசைகாட்டிகூட இல்லாமல் வழிநடத்தியவர், மைக்ரோனேசியாவின் சட்டவால் தீவைச் சேர்ந்த மாவ் பியாய்லுக். குறுக்கே அடித்த வியாபாரக் காற்றை வாரக்கணக்கில் எதிர்த்து ஏறி, சுமார் 4,000 கிலோமீட்டர் கடந்து, ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலான நாளில் கரை சேர்ந்தார்கள். அந்த ஒரு பயணம் பல புத்தகங்களின் வேலையைச் செய்தது.

[திரையில்: நண்டுக் கொடுக்கு வடிவில் ஒரு பாய். மெல்ல அருகில் போகிறோம். ஓலைப் பின்னல் தெரிகிறது.]

தமிழில் படுக்கிற பாயும் பாய், கப்பலில் கட்டுகிற பாயும் பாய். பசிபிக்கில் இரண்டும் உண்மையிலேயே ஒன்றுதான். தாழை இனத்து ஓலையைக் கிழித்து, பாய் முடைவதுபோல் முடைந்துதான் அவர்கள் பாய் செய்தார்கள். அந்த ஓலைப் பாய் காற்றுக்குள் ஏறிப்போனது எப்படி?

[திரையில்: இரு விரல்களுக்கு இடையே ஈரமான தர்பூசணி விதை.]

இந்த விதையை இரண்டு விரலால் அழுத்துங்கள். விரல்கள் பக்கவாட்டில்தான் அழுத்துகின்றன. விதையோ முன்னே பாய்கிறது. காரணம், விரல்கள் விதையின் சரிவான பரப்பில் அழுத்துகின்றன. பாய்மரப் படகு இந்த விதைதான். ஒரு விரல் காற்று. இன்னொரு விரல் தண்ணீர்.

முதல் விரலைப் பார்ப்போம். பாயின் முன்விளிம்பைக் காற்று வரும் திசைக்குக் கிட்டத்தட்ட நேராக வைத்தால், காற்று அதில் முட்டி நிற்பதில்லை. புடைத்த துணியின் இருபுறமும் வழுக்கிப் போகிறது, போகும்போது அதன் வளைவுக்கு ஏற்பத் திசை திரும்புகிறது. காற்றைப் பாய் ஒரு பக்கம் திருப்பினால், பாயைக் காற்று மறுபக்கம் தள்ளும். புடைத்த வெளிப்புறத்தில் அழுத்தம் குறைகிறது, குழிந்த உட்புறத்தில் கூடுகிறது. இரண்டும் ஒரே நிகழ்வின் இரு கணக்குகள். விமான இறக்கையில் நடப்பதும் அட்சரம் பிசகாமல் இதுதான். இறக்கை படுத்திருக்கிறது, அதனால் விசை மேல்நோக்கி இருக்கிறது. பாய் நிமிர்ந்து நிற்கிறது, அதனால் விசை பக்கவாட்டிலும் சற்று முன்னோக்கியும் இருக்கிறது.

இங்கே ஒரு தவறான விளக்கத்தைத் தீர்த்துவிட வேண்டும். பள்ளியில் பலர் இப்படிப் படித்திருப்போம்: இறக்கையின் மேற்புறம் நீளம் அதிகம், அதன் மேல் போகும் காற்று கீழே போகும் காற்றோடு பின்முனையில் சேர்ந்தாக வேண்டும், அதனால் வேகமாகப் போகிறது என்று. பாயைப் பாருங்கள். அது ஒற்றைத் துணி. இருபுறமும் நீளம் ஒன்றே. அப்படியும் விசை பிறக்கிறது. காற்று யாரோடும் போய்ச் சேர வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. மேற்புறக் காற்று முன்கூட்டியே பின்முனையைத் தாண்டிவிடுகிறது. புத்தகங்களில் இன்னும் இருக்கிற அந்தப் பிழையை ஓர் ஓலைப் பாயால் பொய்யாக்கிவிடலாம்.

இரண்டாவது விரல் தண்ணீர். இதைத்தான் பெரும்பாலான விளக்கங்கள் அவசரமாகக் கடந்துவிடுகின்றன, எனக்கு அதில் வருத்தம் உண்டு. பாயின் விசையில் பெரும்பகுதி படகைப் பக்கவாட்டில் தள்ளவே பார்க்கும். தண்ணீரில் பிடிமானம் இல்லாத படகு, நூல் அறுந்த பட்டம்போல் காற்றோடு போய்விடும். பட்டத்துக்கு நூல் எதுவோ, படகுக்கு நீருக்குள் இறங்கிய பலகை அது. அந்தப் பலகையும் ஓர் இறக்கைதான். அது நீருக்குள் சிறு கோணத்தில் சாய்ந்தபடி நகர்ந்து, பாயின் பக்கவாட்டுத் தள்ளலை எதிர்த்து நிற்கிறது. நீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. அதனால்தான் மரத்தின் உயரத்துக்கு எழுந்து நிற்கும் பாயை, நீருக்குள் ஒரு சிறு பலகை சமாளிக்கிறது. நம் கடற்கரைக் கட்டுமரத்திலும் மரங்களின் இடுக்கில் பலகை ஒன்றைச் செருகி நீருக்குள் இறக்கிவிடும் வழக்கம் இருந்தது. பாயை இழுத்துக் கட்டிய கையும் அந்தப் பலகையை இறக்கிய கையும் ஒரே ஆளுடையவை. இரண்டு இறக்கைகளையும் சேர்த்துத்தான் அவர் ஓட்டினார்.

எந்தப் படகும் பாயின் பலத்தில் காற்றின் முகத்துக்கு நேராகப் போக முடியாது. சாதாரணப் படகு 45 பாகை விலகி ஒரு பக்கம் போய், பிறகு மறுபக்கம் திரும்பி, வளைந்து வளைந்து ஏறும். 10 கிலோமீட்டர் ஏற 14 கிலோமீட்டர் ஓட வேண்டும்.

[திரையில்: மரியானா தீவுகளின் படகு, மேலிருந்து.]

1742இல் ஜார்ஜ் ஆன்சன் என்ற ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர் மரியானாவின் தினியன் தீவில் தங்கினார். அங்கே கிடைத்த ஓர் உள்ளூர்ப் படகை அவருடைய ஆட்கள் அளந்து வரைந்தார்கள். நல்ல காற்றில் மணிக்கு ஏறக்குறைய 20 மைல் போகும் என்று மதிப்பிட்டார்கள். அந்தப் படகின் உடலில் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் வளைவு. வளைந்த பக்கம் எப்போதும் காற்று வரும் திசையில் இருக்கும், படகு கவிழாமல் பக்கத்தில் கட்டிய மிதவைக்கட்டையான பக்கமிதவையும் அந்தப் பக்கமே இருக்கும். இறக்கையின் குறுக்குவெட்டை நினைத்துப் பாருங்கள். படகின் உடலே நீருக்குள் ஓர் இறக்கையாகி, காற்று வரும் பக்கமாக இழுக்கிறது. திசை மாற்றும்போது இந்தப் படகு திரும்புவதில்லை. பாயின் அடிமுனையைத் தூக்கிக்கொண்டுபோய் மறுகோடியில் வைப்பார்கள். அணியம், அதாவது முன்முனை, பின்புறமாகிவிடும், பின்புறம் அணியமாகிவிடும். இலங்கையின் பக்கமிதவைப் படகான ‘ஒருவ’வும் இப்படி இருமுனையும் முன்முனையாக ஓடக்கூடியதுதான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது பாயின் வடிவம். சரிவான கூர்முனை கொண்ட அந்த நண்டுக் கொடுக்குப் பாயை, 20ஆம் நூற்றாண்டில் மார்ச்சாய் என்ற ஆய்வாளர், காற்றைச் செலுத்திப் பார்க்கும் காற்றுச்சுரங்கத்தில் வைத்துச் சோதித்தார். பாயின் விளிம்பில் சுழல்கள் உருவாகி, அதன் விசையைக் கூட்டுவது தெரிந்தது. கான்கார்ட் விமானத்தின் முக்கோண இறக்கை மெதுவாகத் தரையிறங்கும்போது நம்பியிருந்ததும் இப்படிப்பட்ட சுழல்களைத்தான்.

அப்படியானால் பாயைப் பார்த்துத்தான் விமானம் செய்தார்களா? இல்லை. அப்படிச் சொன்னால் பொய்யாகும். பறக்க ஆசைப்பட்டவர்கள் பார்த்தது பறவையைத்தான். ஆனாலும் பாயின் தடம் வேறொரு வழியாக உள்ளே வந்தது: காற்றாலை. பழைய ஐரோப்பியக் காற்றாலையின் கைகளில் கட்டியிருந்தது கித்தான் துணி.

[திரையில்: மரச்சட்டத்தில் துணி கட்டிய காற்றாலைக் கைகள் சுழல்கின்றன.]

1759இல் ஆங்கிலப் பொறியாளர் ஜான் ஸ்மீட்டன், நீராலை, காற்றாலை குறித்த தம் சோதனைகளை வெளியிட்டார். குறிப்பிட்ட வேகத்தில் வீசும் காற்று ஒரு பரப்பை எவ்வளவு அழுத்தும் என்பதற்கு அதிலிருந்து ஓர் எண் புழக்கத்துக்கு வந்தது: 0.005. நூறாண்டுக்கு மேல் அது புழக்கத்தில் இருந்தது. வளைந்த இறக்கையின் திறனை அளந்து அட்டவணை போட்ட ஜெர்மானியர் ஓட்டோ லிலியன்தால், 1896இல் தம் கிளைடரோடு விழுந்து இறந்தார். அவருடைய அட்டவணையையும் ஸ்மீட்டனின் எண்ணையும் வைத்துத்தான் ரைட் சகோதரர்கள் 1901இல் கிளைடர் கட்டினார்கள். கணக்குச் சொன்னதில் மூன்றில் ஒரு பங்கு தூக்குவிசைதான் கிடைத்தது. மனம் உடைந்து ஊர் திரும்பியவர்கள், தங்கள் சைக்கிள் கடையிலேயே ஆறடி நீளத்தில் மரப்பெட்டியாக ஒரு காற்றுச்சுரங்கம் செய்து, சுமார் 200 சிறு இறக்கைகளைச் சோதித்தார்கள். எண் 0.0033 அளவில்தான் இருக்க வேண்டும் என்பது தெரிந்தது. இன்றைய மதிப்பும் ஏறக்குறைய அதுவே.

பிறகு புரொப்பல்லர். கப்பல் கட்டுகிறவர்களிடம் இதற்கு ஒரு கோட்பாடு இருக்கும், அதை எடுத்துக்கொள்ளலாம் என்று அவர்கள் நினைத்தார்கள். தேடினால் அனுபவ விதிகள்தான் கிடைத்தன. கடைசியில் தாங்களே ஒரு முடிவுக்கு வந்தார்கள்: புரொப்பல்லர் என்பது சுழன்றபடி முன்னேறும் இறக்கை. 1903 டிசம்பர் 17இல் கிட்டி ஹாக் அருகே 12 விநாடி, 120 அடி. அந்த விமானத்தின் இறக்கைகளில் போர்த்தியிருந்தது மஸ்லின் துணி.

அதன் பிறகு கடன் திரும்பத் தொடங்கியது. 1924இல் ஜெர்மனியின் அன்டன் ஃபிளெட்னர், பாய்க்குப் பதில் சுழலும் இரண்டு உருளைகளைக் கப்பலில் நிறுத்தி ஓட்டினார். சுழலும் கிரிக்கெட் பந்தைக் காற்றில் விலகச் செய்யும் அதே விசைதான் கப்பலை இழுத்தது. அதே ஃபிளெட்னர் பின்னாளில் ஹெலிகாப்டர்களை வடிவமைத்தார். 1970களில், விமானத் தொழிலில் காற்றியக்கவியல் பார்த்த ஆர்வெல் ஜென்ட்ரி, முன்பாய்க்கும் பெரிய பாய்க்கும் நடுவே உள்ள இடைவெளியில் காற்று வேகமெடுக்கிறது என்று படகோட்டிகள் காலங்காலமாகச் சொல்லிவந்ததைச் சோதித்துத் தவறென்று காட்டினார். 2013இல் அமெரிக்கக் கோப்பைப் போட்டியில் ஓடிய படகுகளில் பாயின் இடத்தில் ஏறக்குறைய 40 மீட்டர் உயரத்தில் விறைப்பான இறக்கையே நின்றது. நீருக்குள் இருந்த இறக்கைகள் படகின் உடலை நீர்ப்பரப்புக்கு மேலே தூக்கிவிட்டன.

[திரையில்: பாலைவன ஓடுபாதை. மூன்று சக்கர வண்டி, அதன் மேல் பெரிய சுழல் அலகுகள்.]

காற்றின் முகத்துக்கு நேராகப் பாயால் போக முடியாது என்று சொன்னேன். இந்த வண்டியின் பெயர் பிளாக்பேர்ட். கலிஃபோர்னியாவில் ரிக் கவலாரோவும் அவர் குழுவும் கட்டியது. இதில் எஞ்சின் கிடையாது. காற்று அலகுகளைச் சுழற்றுகிறது, அலகுகள் சக்கரங்களை ஓட்டுகின்றன. பாய்க்குத் தண்ணீரில் பலகை தந்த பிடிமானத்தை, இங்கே தரையில் சக்கரம் தருகிறது. 2012இல் இது, வீசிய காற்றைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகமான வேகத்தில், காற்று வந்த திசையை நோக்கி நேர்கோட்டில் ஓடியது. வளைந்து வளைந்து ஏறும் வேலையை, அலகுகள் ஓட்டுநரின் தலைக்கு மேலே வட்டமாகச் செய்துகொண்டிருந்தன.