அறுபதாவது எபிசோடும் வீட்டுக் கணக்கு நோட்டும்

(போன ஞாயிற்றுக்கிழமை காரைக்குடியில் எங்கள் வாசகர் வட்டத்தில் பேசியது. வர முடியாதவர்கள் கேட்டதால் எழுதித் தருகிறேன். மேடையில் விட்டுப்போன நாலைந்து வரிகளையும் சேர்த்திருக்கிறேன்.)

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் வட்டத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் மகளிர் கல்லூரி முன்னாள் முதல்வர் அம்மா அவர்களே, இந்த மாடியை மாதாமாதம் வாடகை வாங்காமல் நமக்குத் திறந்துவிடும் அண்ணன் அவர்களே, தேவகோட்டையிலிருந்தும் பள்ளத்தூரிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் பெரியவர்களே, எனக்கு முன்னால் நன்றாகப் பேசிவிட்டுப் போன தம்பி அவர்களே, எல்லாருக்கும் வணக்கம். தலைவர் அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆகவேண்டும். போன மழையில் இந்த மாடியில் தண்ணீர் ஒழுகியபோது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு புத்தகப் பெட்டிகளைத் தானே தூக்கி வைத்தவர் அவர். முதல்வர் அம்மா என் மகளுக்குப் பாடம் சொன்னவர், அந்தக் கடன் எங்கள் குடும்பத்துக்கு என்றைக்கும் உண்டு. சா. கணேசனார் 1939-ல் கம்பனுக்கு விழா தொடங்கிய ஊர் இது. அந்த மேடையில் நேரம் என்றால் நேரம்தான் என்று நம் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம், அதனால் நானும் மணியைப் பார்த்துக்கொண்டே பேசுகிறேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, ஒரு டிவி தொடர் மனிதர்களை ஏன் இப்படி அழ வைக்கிறது என்பது. மூன்று விஷயம் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். ஒன்று, அந்த அழுகை எங்கிருந்து வருகிறது. இரண்டு, கூட்டமாக உட்கார்ந்து அழுவதற்கும் தனியாகப் போனில் பார்த்து அழுவதற்கும் என்ன வித்தியாசம். மூன்று, அழுது முடித்தவர்கள் யாரைத் திட்டுகிறார்கள். இந்த மூன்றாவதுதான் என் நெஞ்சில் உறுத்திக்கொண்டிருப்பது. என் அப்பத்தா அடிக்கடி சொல்லும் பழமொழி ஒன்று உண்டு: பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

தொடரின் பெயர் 'பிரேக்கிங் பேட்'. வின்ஸ் கில்லிகன் உருவாக்கி, அமெரிக்காவில் ஏ.எம்.சி. சேனலில் 2008 ஜனவரியில் தொடங்கி 2013 செப்டம்பரில் முடிந்தது. மொத்தம் 62 எபிசோடு. அல்புகர்க்கி என்ற ஊரில் ஒரு கெமிஸ்ட்ரி வாத்தியார், வால்டர் வைட் என்று பெயர். நுரையீரலில் புற்றுநோய் என்று தெரிகிறது. தான் போய்விட்டால் பெண்டாட்டி பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று மெத் என்கிற போதைப்பொருளைக் காய்ச்ச ஆரம்பிக்கிறார். எல்லாம் குடும்பத்துக்காக, குடும்பத்துக்காக என்று சொல்லிச் சொல்லியே குடும்பத்தைக் குழிக்குள் இறக்குகிறார்.

நான் பேச வந்தது அறுபதாவது எபிசோடைப் பற்றி. 2013 செப்டம்பர் 15-ஆம் தேதி வந்தது, பெயர் 'ஒசிமாண்டியஸ்'. எழுதியவர் மொய்ரா வாலி-பெக்கெட் என்ற பெண்மணி, இயக்கியவர் ரயன் ஜான்சன். ஆங்கிலக் கவிஞர் ஷெல்லி 1818-ல் வெளியிட்ட கவிதையின் பெயர் அது. ஆண்ட ராஜாவின் சிலை உடைந்து மணலில் கிடக்கிறதைப் பற்றியது. பாழடைந்த வளவுகளை, நம் பக்கத்துப் பெரிய வீடுகளை, தினமும் தாண்டிப் போகிற நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

அந்த ஒரு எபிசோடில் எல்லாம் இடிந்து விழுகிறது. வால்டருடைய சகலை ஹாங்க், போதைத் தடுப்பு அதிகாரி. பாலைவனத்தில் ஒரு கும்பல் அவரைச் சுடப்போகிறது. வால்டர் மண்டியிடாத குறையாகக் கெஞ்சுகிறார். எண்பது மில்லியன் டாலர் புதைத்து வைத்திருக்கிறேன், எடுத்துக்கொண்டு ஆளை விடுங்கள் என்கிறார். சுட்டுவிடுகிறார்கள். ஏழு பீப்பாய் பணத்தில் ஆறை அள்ளிக்கொண்டு ஒன்றை மட்டும் விட்டுப் போகிறார்கள். அந்த ஒரு பீப்பாயை அவர் வெயிலில் தனியாக உருட்டிக்கொண்டு போகிறார். அப்புறம் வீடு. சமையலறை மேடையில் ஒரு பக்கம் போன், பக்கத்தில் கத்தி. ஸ்கைலர், அதாவது அவர் மனைவி, கத்தியை எடுக்கிறார். மகன் நடுவில் பாய்ந்து அம்மாவை மறைத்துக்கொண்டு போலீசுக்குப் போன் போடுகிறான். வால்டர் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுகிறார். பிறகு அந்தக் குழந்தை "மம்மா" என்று கூப்பிடுகிறது. அது எழுதி வைத்த வசனமே இல்லை. அந்தக் குழந்தையின் நிஜ அம்மா கேமராவுக்கு அந்தப் பக்கம் நின்றிருக்கிறார், குழந்தை அவரைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறது, நடிகர் பிரையன் க்ரான்ஸ்டன் அதை அப்படியே வாங்கி நடித்துவிட்டார். பார்க்கிறவர்கள் உடைந்துபோனது அங்கேதான்.

சரி, இனி எங்கள் ஆச்சி கதைக்கு வருகிறேன். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் பக்கத்தில் அக்காவை ஆச்சி என்போம். என் கூடப்பிறந்தவர், எழுபது தாண்டிவிட்டது. அவர் மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். 2013-ல் சிநேகிதர்களோடு அறையில் உட்கார்ந்து இந்த எபிசோடைப் பார்த்துவிட்டு, நாலு பையன்களும் லைட்டைக்கூடப் போடாமல் இருந்திருக்கிறார்கள், ஒருத்தன் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதிருக்கிறான். எங்கள் பையன் ராத்திரி ஒன்றரை மணிக்கு ஆச்சிக்குப் போன் போட்டு "ஆத்தா, நல்லா இருக்கியா?" என்று மட்டும் கேட்டிருக்கிறான். ஆச்சி பதறிப்போய் விடியும்வரை தூங்கவில்லை, காலையில் எனக்குப் போன், "தம்பி, புள்ளைக்கு என்னமோ ஆகிருச்சு, போய்ப் பாரு" என்று.

அந்தப் பையன் போன பொங்கலுக்கு வந்தபோது, நீயும் பார் ஆத்தா என்று லேப்டாப்பைக் கொண்டுவந்து பட்டாலையில் வைத்தான். முதலிலிருந்து ஒரு வாரமாகப் போட்டுக் காட்டினான், நானும் உட்கார்ந்தேன். ஆச்சிக்கு இங்கிலீஷ் தெரியாது, அவன் பக்கத்தில் இருந்து தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான். கடைசியில் இந்த எபிசோடு வந்த அன்றைக்கு ஆச்சி மடியில் சொளகை வைத்துக்கொண்டு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அந்தப் பீப்பாய் உருளும்வரை கை ஓடிக்கொண்டிருந்தது. ஸ்கைலர் கத்தியைத் தொட்ட இடத்தில் நின்றுவிட்டது, ஒரு காம்பு விரலிடுக்கில் அப்படியே.

அப்புறம்தான் அந்தப் போன் வருகிறது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு போன வால்டர் வீட்டுக்குப் போன் செய்கிறார். வீடு நிறையப் போலீஸ். பெண்டாட்டியை வாயில் வராத வார்த்தை எல்லாம் சொல்லித் திட்டுகிறார், நீ என்ன கண்டாய், எல்லாம் நான் ஒருத்தன் கட்டியது என்கிறார். என் மருமகன் அதைத் தமிழில் சொல்லத் தடுமாறுகிறான். அவன் வாயைத் திறப்பதற்குள் ஆச்சி சொன்னார்: "திட்டலப்பா. போலீசு கேக்குதுன்னு தெரிஞ்சுதான் பேசுறாக. அவளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ஆக்குறாக." அந்த எபிசோடு வந்த காலத்தில் இங்கிலீஷ் தெரிந்த எத்தனையோ பேர் அதை வெறும் வசவு என்று எடுத்துக்கொண்டு சண்டை போட்டார்கள். எங்கள் ஆச்சி குரலை வைத்தே பிடித்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பி, "உங்க அத்தான் இப்படி ஒரு போன்கூடப் போடலையே தம்பி" என்றார். அந்தச் சொளகுக் கீரையை அன்றைக்கு யாரும் எடுக்கவில்லை, மறுநாள் மஞ்சளாகிக் கிடந்தது.

அத்தான் நல்ல மனிதர், கடை வைத்திருந்தார், 2009-ல் திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார். காரியம் முடிந்து ஒரு வாரம் ஆகவில்லை, ஒரு நிதி நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் பைலோடு வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்கள். சிநேகிதர் ஒருவருக்கு அத்தான் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அது போக ஆச்சியின் நகையில் பாதி அடகில் இருந்தது, ரசீது எங்கே என்று தெரியாது. ஆச்சிக்கு ஒரு வரி தெரியாது. ஆனால் ஊர் என்ன சொன்னது தெரியுமா? "அவ ஆடம்பரம்தான் அந்த மனுசன் நெஞ்சை அடைச்சுது." பாவம் ஓரிடம், பழி ஓரிடம். நூல் சேலையைத் தவிர வேறு கட்டாத என் ஆச்சி அதற்குப் பிறகு ஆறு வருஷம் எந்தக் கல்யாணத்துக்கும் போகவில்லை.

அதனால்தான் அந்தத் தொடரைப் பார்த்தவர்கள் ஸ்கைலரைத் திட்டிய கதை எனக்கு ஆறவே இல்லை. போதை காய்ச்சியவர் வால்டர், ஆளைக் கொன்றவர் வால்டர். ரசிகர்கள் வெறுத்தது மனைவியை. அவர் கேள்வி கேட்கிறாராம், நச்சரிக்கிறாராம். ஸ்கைலராக நடித்த அன்னா கன் 2013 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸில் இதைப் பற்றியே எழுதினார். பாத்திரத்தின் மேல் இருந்த வெறுப்பு நடிகையான தன் மேலேயே திரும்பி, அவர் எங்கே இருக்கிறார் சொல்லுங்கள், கொல்ல வேண்டும் என்று ஒரு ஆள் எழுதும் அளவுக்குப் போனதைச் சொல்லியிருந்தார். அவருக்கு 2013-லும் 2014-லும் டிவி நடிப்புக்கான எம்மி விருது கிடைத்தது, சந்தோஷம். ஆனால் அந்த வெறுப்பு நம் தெருவிலும் இருக்கிறது, அதற்கு யாரும் விருது கொடுத்து ஆற்ற மாட்டார்கள்.

கதையைக் கேட்டு மனிதன் தன்னை மறப்பது நமக்குப் புதிதில்லை. ராமன் தனி ஆளாகக் கரனுடைய பதினாலாயிரம் அரக்கர்களை எதிர்த்து நின்றான் என்று கேட்டவுடனே, குலசேகர ஆழ்வார் தன் படையைத் திரட்டிக் கிளம்பச் சொன்னதாகச் சொல்வார்கள். அந்த ராஜா யாருக்குத் துணை போகிறோம் என்று தெரிந்து கிளம்பினார். நாமும் கண்ணைத் துடைத்தபிறகு யார் பக்கம் நிற்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

இந்த எபிசோடின் தொடக்கத்தில் பழைய காட்சி ஒன்று வரும், கவனித்தவர்களுக்குத் தெரியும். முதல் தடவை மெத் காய்ச்சிய அன்று, அதே பாலைவனத்தில் நின்று மனைவிக்குப் போன் போட்டு, வேலையில் முதலாளி பிடித்து வைத்துக்கொண்டார், வர நேரமாகும் என்கிறார். அதற்கு முன் அந்தப் பொய்யைத் தனியாக நின்று சொல்லிப் பார்த்துக்கொள்கிறார். அந்தப் பக்கம் ஸ்கைலர் வயிற்றுப் பிள்ளைக்கு ஹோலி என்று பெயர் வைக்கலாமா என்று கேட்கிறார். போனில் ஒரு பொய்யில் தொடங்கி, போனில் ஒரு பொய்யில் வந்து முடிகிறது அந்த எபிசோடு. நடுவில் போனது ஒரு குடும்பம். மறைத்ததுதான் பாவம், மக்களே. பழி கேள்வி கேட்டவளுக்கு.

நம் செட்டிநாட்டில் இது இப்படி இருந்ததில்லை. கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, பர்மாவுக்கும் மலேயாவுக்கும் மூன்று வருஷம் போனவர்கள் வீட்டைப் பெண்களிடம்தான் விட்டுப் போனார்கள். கல்யாணமானவுடன் மகனையும் மருமகளையும் அதே வளவுக்குள் வேறு வைத்தார்கள், வருஷத்துக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்துத் தனி அடுப்பு மூட்டச் சொன்னார்கள். அந்தப் பெண் உப்பு முதல் ஊறுகாய் வரை கணக்கு வைத்தாள். பெண்கள் கொண்டுவந்த பணத்தைக் கடையில் 'ஆச்சிமார் பணம்' என்று தனிக் கணக்கு எழுதி வட்டி போட்டார்கள். பேரேடு, ஐந்தொகை என்று கணக்கு எழுதும் வழக்கம் இந்த மண்ணின் சொத்து. அப்படிப்பட்ட ஊரில் இன்றைக்கு எத்தனை வீட்டில் பெண்களுக்கு வீட்டுக்காரரின் கடன் தெரியும்? பர்மா போனவர் கடிதம் எழுதினார், பக்கத்து அறையில் இருப்பவர் வாய் திறப்பதில்லை.

கண்ணகி மதுரையில் எதை வைத்து வழக்கை ஜெயித்தாள்? என் சிலம்புக்குள் இருப்பது மாணிக்கம் என்று அவளுக்குத் தெரியும். பாண்டிமாதேவி சிலம்பில் முத்து. தன் வீட்டுப் பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்த வணிகர் வீட்டுப் பெண் அவள். தெரியாமல் இருந்திருந்தால் கோவலன் கள்வன் என்றே போயிருப்பான், அவள் கள்வன் பெண்டாட்டி ஆகியிருப்பாள்.

அதனால் இந்த மேடையில் நான் கேட்பது ஒன்றுதான், வீட்டுக்கு ஒரு கணக்கு நோட்டு. மாதம் ஒரு சாயங்காலம் இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதுங்கள். வாங்கிய கடன், கொடுத்த கைமாற்று, அடகு ரசீது இருக்கும் இடம், இன்சூரன்ஸ், நாமினி யார் என்பது, எல்லாவற்றுக்கும் மேலே ஜாமீன் கையெழுத்து. 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டப்படி, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால், கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன் போட்டவருக்கும் அவ்வளவு பொறுப்பு. அந்தக் கையெழுத்தை மனைவியிடம் சொல்லாமல் போடாதீர்கள். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள் தாய்மார்களே: வீட்டுக்காரர் இறந்துபோனால், அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்குத்தான் வாரிசு கடனுக்குப் பொறுப்பு. அந்தக் கடனுக்கு நீங்களும் கையெழுத்துப் போடாத வரை, உங்கள் சொந்த நகையையும் சம்பளத்தையும் யாரும் கேட்க முடியாது. எங்கள் ஆச்சிக்கு அன்றைக்கு இது தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்கள் சொன்னதை நம்பி மீதி வளையலையும் கழற்றிக் கொடுத்தோம்.

கூட்டமாக அழுவதைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன், அதற்கு மணி இல்லை, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அந்த எபிசோடை வீட்டில் பார்க்கிறவர்கள் இரண்டு பேராக உட்கார்ந்து பாருங்கள், அது போதும். பார்த்து முடித்த அன்றைக்கே பேச உட்கார்ந்தால் பேச்சு தானாக வரும், எங்கள் வீட்டில் வந்தது.

வாசல் மேசையில் நாற்பது பக்க நோட்டு நூறு அடுக்கி வைத்திருக்கிறோம், காசு வேண்டாம். இந்த மாடியைத் திறந்துவிடும் அண்ணன்தான் வாங்கிக் கொடுத்தார், அவருக்குக் கை தட்டுங்கள். தூணோரம் வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருப்பவர்தான் ஆச்சி. எந்தக் கூட்டத்துக்கும் வராதவர் இன்றைக்கு வந்திருக்கிறார். முதல் பக்கத்தில் எதை எழுதுவது என்று தெரியாவிட்டால் அவரிடம் கேளுங்கள், பேனாவும் அவர் கையில்தான் இருக்கிறது. வணக்கம்.