பிஸ்மார்க் கொடுத்தாரா, தொழிலாளர்கள் வாங்கினார்களா?

நடுவர் அவர்களே, அவையோரே, எல்லோருக்கும் வணக்கம். ஜெர்மனியில் தொழிலாளர் காப்பீட்டுச் சட்டங்கள் வந்ததற்குக் காரணம் பிஸ்மார்க்கின் பரிவா, சோசலிஸ்டுகளைப் பார்த்து அவருக்கு வந்த பயமா என்பது தலைப்பு. பயம்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

ஏழைகளைக் காப்பது கிறிஸ்தவ அரசின் கடமை என்று பிஸ்மார்க் நம்பினார், அதுதான் சட்டமானது என்றார் எதிரணி நண்பர். சரி, கடமை என்றே வைத்துக்கொள்வோம். 1862-லேயே அவர் ஜெர்மன் அரசுகளில் பெரியதான பிரஷ்யாவின் பிரதமர், 1871-லிருந்து ஜெர்மன் பேரரசின் சான்சலர், அதாவது தலைமை அமைச்சர். முதல் காப்பீட்டுச் சட்டமோ 1883-ல்தான் வருகிறது. அதுவரை அந்தக் கடமை எங்கே இருந்தது? நடுவில் நடந்தது இதுதான்: 1875-ல் கோத்தா நகரில் இரண்டு சோசலிஸ்ட் தொழிலாளர் கட்சிகள் ஒன்றாகின்றன, 1877 தேர்தலில் அந்தக் கட்சிக்கு ஏறக்குறைய 5 லட்சம் வாக்குகள் விழுகின்றன. அடுத்த ஆண்டு பேரரசர் முதலாம் வில்லியமைக் கொல்ல இரண்டு முறை முயற்சி நடக்கிறது, அதையே சாக்காக வைத்து சோசலிஸ்டுகளின் கூட்டம், சங்கம், பத்திரிகை எல்லாவற்றுக்கும் தடை போடுகிறார் பிஸ்மார்க்.

அடிக்கிற கைதான் அணைக்கும் என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் இந்தக் கை அணைக்கும்போதும் அடிப்பதை நிறுத்தவில்லையே! 1883-ல் நோய்க்கு, 1884-ல் விபத்துக்கு, 1889-ல் முதுமைக்கும் ஊனத்துக்கும் என்று மூன்று சட்டங்கள் வந்த காலம் முழுவதும் அந்தத் தடையை நீட்டித்துக்கொண்டே போனார்கள், 1890 வரை.

விபத்துக் காப்பீட்டின் செலவு முழுவதையும் முதலாளிகள் தலையில் வைத்தது நல்ல காரியம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நோய்க் காப்பீட்டில் மூன்றில் இரண்டு பங்கைத் தொழிலாளியே கட்டினான். ஓய்வூதியமோ 70 வயதில்தான். சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்தவர்களில் எத்தனை பேர் அந்த வயதைப் பார்த்திருப்பார்கள்? எனக்கு இதைவிடவும் பெரிதாகப் படுவது அவர் கொடுக்க மறுத்தவை. வேலை நேரத்துக்கு வரம்பு, ஞாயிறு விடுமுறை, தொழிற்சாலைகளில் கண்டிப்பான ஆய்வு என்று எதைக் கேட்டாலும் முட்டுக்கட்டை போட்டார். பரிவுள்ளவர் கை போன பிறகு பணம் கொடுப்பதோடு நிற்பாரா, கை போகாமல் பார்க்க மாட்டாரா?

நான் சொல்வதை நம்ப வேண்டாம், பிஸ்மார்க் சொன்னதை நம்புங்கள். 1884 நவம்பரில் நாடாளுமன்றத்தில் அவரே ஒப்புக்கொண்டார்: சமூக ஜனநாயகவாதிகள், அதாவது இந்த சோசலிஸ்டுகள், இல்லாமல் இருந்திருந்தால், அவர்களைக் கண்டு பலர் பயப்படாமல் இருந்திருந்தால், சமூகச் சீர்திருத்தத்தில் இந்த மிதமான முன்னேற்றம்கூட வந்திருக்காது என்று.

தொழிலாளர்களுக்கும் அது தெரிந்தே இருந்தது என்றுதான் நினைக்கிறேன். நோய்க் காப்பீட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டே, தடை நீங்காத 1890 பிப்ரவரியில், 14 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சோசலிஸ்டுகளுக்கு வாக்களித்தார்கள். வேறு எந்தக் கட்சிக்கும் அவ்வளவு வாக்குகள் விழவில்லை. அடுத்த மாதமே பிஸ்மார்க் பதவி இழந்தார். நன்றி, வணக்கம்.