பன்றி இருமியபோதே கேட்டிருக்கலாம்

வணக்கம். மனிதர்களுக்கு வரும் நோயைப் பற்றிப் பேச ஒரு மாட்டு டாக்டரை எதற்குக் கூப்பிட்டார்கள் என்று சிலருக்குத் தோன்றலாம். நியாயமான கேள்விதான். பதிலுக்கு மலேசியாவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

1998 செப்டம்பர் வாக்கில் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணைக்காரர்கள் சிலருக்குக் காய்ச்சல், கடுமையான தலைவலி, நினைவு தப்புதல், அப்புறம் மரணம். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு செய்தார்கள். அப்படி நினைத்ததில் தப்பே இல்லை, ஏனென்றால் அந்த நோயைக் கொசு பரப்பும், பன்றியின் உடம்பில் அந்தக் கிருமி பெருகும், சில நோயாளிகளின் ரத்தத்தில் அதற்கான அடையாளமும் கிடைத்தது. கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களும் விழுந்தார்கள். அந்த மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைப் பிடிப்பது. இங்கே படுத்தவர்களில் பெரும்பாலோர் பன்றியைத் தொட்டு வேலை செய்யும் பெரியவர்கள். கொசு என்ன, ஆள் பார்த்தா கடிக்கும்?

அதே சமயம் கொட்டிலில் பன்றிகள் இருமிக்கொண்டிருந்தன. ஒரு மைல் தூரம் கேட்கும் இருமல் என்று பிறகு அதற்குப் பெயரே வந்துவிட்டது. ஆனால் பெரும்பாலான பன்றிகள் பிழைத்துக்கொண்டதால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பயந்துபோனவர்கள் பன்றிகளை வந்த விலைக்குத் தள்ளிவிட, நோயும் லாரி ஏறித் தெற்கே நெகிரி செம்பிலானுக்குப் போய்ச் சேர்ந்தது. 1999 மார்ச்சில் மலாயா பல்கலைக்கழகத்தின் சுவா காவ் பிங் இது வேறொரு புது வைரஸ் என்று கண்டுபிடித்தார். சுங்கை நிபா கிராமத்தின் பெயரால் அதற்கு நிபா வைரஸ் என்று பெயர் வைத்தார்கள். மலேசியாவில் 265 பேருக்கு நோய், 105 பேர் மரணம், பத்து லட்சத்துக்கும் மேல் பன்றிகள் கொல்லப்பட்டன.

கிருமி வந்தது பழந்தின்னி வௌவாலிடமிருந்து. கூடுதல் வருமானத்துக்காகப் பன்றிக் கொட்டிலை ஒட்டியே மாமரம் வளர்த்திருந்தார்கள். வௌவால் கடித்துப் போட்ட பழம் கொட்டிலுக்குள் விழும், பன்றி தின்னும். டாக்டருக்கு நோயாளியைத் தெரியும், கால்நடைக்காரருக்கு இருமலைத் தெரியும், வௌவால் எந்த மரத்துக்கு வரும் என்று காட்டைப் படித்தவருக்குத் தெரியும். மூன்று பேரும் ஒரே மேசையில் முன்கூட்டியே உட்காரவில்லை, அவ்வளவுதான். பிறகு கொட்டில் பக்கத்தில் பழமரம் கூடாது என்றார்கள். எவ்வளவு சின்ன விஷயம், பாருங்கள்.

2018 மே மாதம் கோழிக்கோட்டில் நிபா வந்தபோது, ஒரே குடும்பத்தில் இரண்டாவது ஆள் படுத்த உடனேயே டாக்டர்கள் சந்தேகப்பட்டுவிட்டார்கள். அந்த வேகம் பல உயிரைக் காப்பாற்றியது. அப்படியும் அதிகாரபூர்வக் கணக்குப்படி 17 பேரை இழந்தோம். அங்கேயும் ஒரு கூத்து நடந்தது: நோய் வந்த வீட்டுக் கிணற்றில் இருந்த வௌவாலை முதலில் பிடித்துச் சோதித்தார்கள், கிருமி இல்லை, உடனே "வௌவால் காரணமில்லை" என்று செய்தி பறந்தது. கிணற்றில் இருந்தது பூச்சி தின்னும் வௌவால்! அப்புறம் பழந்தின்னியைப் பிடித்துப் பார்த்தபோது கிருமி கிடைத்தது.

உடனே வௌவாலை விரட்டு, மரத்தை வெட்டு என்று கிளம்ப வேண்டாம். இருந்த இடத்திலிருந்து விரட்டினால் அது இன்னொரு தோப்புக்குப் போகும், கலவரப்பட்ட வௌவால் கிருமியை அதிகம் வெளியேற்றலாம் என்ற கவலையும் ஆய்வாளர்களுக்கு உண்டு. நிபாவைத் தடுக்க வங்கதேசத்தில் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. குளிர்காலத்தில் அங்கே ஈச்ச மரத்தின் பட்டையைச் சீவி, வடியும் சாற்றைப் பானையில் பிடித்து, விடியற்காலையில் பச்சையாகக் குடிப்பார்கள். ராத்திரி மரத்தில் கேமரா வைத்துப் பார்த்தால், வௌவால் வந்து சீவின இடத்தை நக்குகிறது, அங்கேயே சிறுநீரும் கழிக்கிறது. சீவின இடத்தையும் பானை வாயையும் சேர்த்து ஒரு மூங்கில் தட்டியால் மறைத்தார்கள். வௌவாலால் கிட்ட வர முடியவில்லை. மரம் ஏறுபவரிடம் உட்கார்ந்து பேசாமல் எந்த ஆய்வகத்திலிருந்தும் இது வந்திருக்காது.

நம்மூரில் கூட்டம் போடுவதற்கு மட்டும் குறைச்சலில்லை, ஆனால் பெரும்பாலும் நோய் வந்த பிறகுதான் போடுகிறோம். அதை அதிகாரிகள் மாற்றட்டும். நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கொட்டிலில் நாலைந்து உருப்படி ஒன்றாகச் சுணங்கினால் கால்நடை மருத்துவ உதவி எண் 1962-க்குப் போன் போடுங்கள். அதே வாரம் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்குப் போனால், ஆடு மாடு வளர்க்கிறீர்களா என்று டாக்டர் கேட்க மறந்தாலும் மறப்பார், அதனால் "எங்க ஆடும் படுத்திருக்கு டாக்டர்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.