மார்பு தளர்ந்தால் கிரீம் வாங்க ஓடாதீர்கள்

வணக்கம் அக்கா, தங்கச்சிகளே! சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில் பார்க்கிறவர்கள் இயர்போன் மாட்டிக்கொள்ளுங்கள், பக்கத்து சீட் அங்கிளுக்கு இது வேண்டாம். மார்பு தளர்ந்து தொங்கிப்போவது பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு.

முதலில் தாய்ப்பால். "பால் கொடுத்தால் தொங்கிடும்" என்ற பேச்சை நம்பி, பால் நன்றாகச் சுரக்கும்போதே பால்மாவுக்கு மாறுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. அமெரிக்காவில் கென்டக்கி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிளாஸ்டிக் சர்ஜன் பிரையன் ரிங்கர், தன்னிடம் வந்த தாய்மார்களிடம் இதை ஆராய்ந்து 2008இல் வெளியிட்டார். பால் கொடுத்ததால் தொய்வு கூடவில்லை. வயது, எத்தனை முறை கர்ப்பம், உடல் எடை, முன்பே மார்பு பெரிதா, சிகரெட் பழக்கம் உண்டா என்பவைதான் காரணங்களாகத் தெரிந்தன. மாமியார் திட்டினால் இதைச் சொல்லிப் பாருங்கள், பலிக்குமா என்பது வேறு விஷயம்.

மார்புக்குள் இருப்பது பால் சுரப்பி, கொழுப்பு, அவற்றைத் தாங்கும் மெல்லிய நார்கள். வெளியே தோல். கர்ப்பத்தில் மார்பு பெரிதாகும்போது நாரும் தோலும் இழுபடும். அப்புறம் மார்பு சுருங்கினாலும் இழுபட்டது முழுசாகப் பழைய நிலைக்குத் திரும்பாது. எடை ஏறி இறங்கி, ஏறி இறங்கி இருந்தாலும் இதே கதை. சிகரெட் தோலின் இழுபட்டு மீளும் தன்மையையே கெடுத்துவிடும். மாதவிடாய் நின்ற பிறகு சுரப்பி குறைந்து கொழுப்பு கூடும், மார்பு இன்னும் தளரும்.

சரி, கிரீம்? தேக்கா கடையிலோ ஆன்லைனிலோ எந்த "டைட்" கிரீம் வாங்கித் தேய்த்தாலும் தோல் கொஞ்சம் மினுமினுக்கும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் நாரை அது இறுக்காது. பால் கொடுக்கிறவர்கள் அதைக் காம்பில் தடவவே கூடாது, குழந்தையின் வாய்க்குள் போகும்.

புஷ்அப் செய்யலாம். மார்பில் தசை கிடையாது, அதற்கு அடியில் இருக்கும் நெஞ்சுத் தசைதான் பலப்படும். தரையில் முடியாதவர்கள் சமையலறை மேடையைப் பிடித்துச் சாய்ந்து செய்யுங்கள். தோள் நிமிர்ந்தாலே பார்க்க எடுப்பாக இருக்கும், ஆனால் தொங்கியது மேலே ஏறிவிடாது.

பிராவுக்கு வருவோம். கடையில் போட்டுப் பார்க்கும்போது கடைசி, அதாவது ரொம்பத் தளர்வான கொக்கியில் மாட்டுங்கள். நாளாக நாளாகப் பட்டை நெகிழும், அப்போது உள்பக்கக் கொக்கிக்குப் போகலாம். பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். கையைத் தூக்கினால் முதுகுப் பக்கம் பட்டை மேலே ஏறுகிறதா? அது பெரிய சைஸ். தோளில் பள்ளம் விழுந்தால், பட்டை தாங்க வேண்டிய பாரத்தைத் தோள்வார் தாங்குகிறது என்று அர்த்தம். ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் ஓடுகிறவர்களுக்கு ஸ்போர்ட்ஸ் பிரா கட்டாயம், ஆட்டமும் வலியும் குறையும். பிரா போடாமல் தூங்கினால் தொங்கும் என்று பயப்பட வேண்டாம்.

நிஜமாகவே தூக்கி நிறுத்துவது அறுவை சிகிச்சை மட்டும்தான். உபரித் தோலை வெட்டி, காம்பை மேலே மாற்றி வைப்பார்கள். தழும்பு இருக்கும், காம்பில் உணர்ச்சி குறையலாம், வருடங்கள் போனால் மறுபடியும் தளரும். அழகுக்காகச் செய்தால் மெடிசேவ் (நம் மருத்துவச் சேமிப்புக் கணக்கு) பணத்தைத் தொட முடியாது. இன்னும் குழந்தை பெற்றுக்கொள்ள நினைத்தால் பொறுங்கள், அடுத்த கர்ப்பத்தில் மறுபடியும் இழுபடும்.

அப்புறம் ஒன்று. இரண்டு பக்கமும் மெல்ல மெல்லத் தளர்வது இயல்பு. ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வடிவம் மாறினால், கட்டி தட்டுப்பட்டால், தோலில் குழி விழுந்தால், காம்பு உள்ளே இழுத்துக்கொண்டால், காம்பில் ரத்தம் கசிந்தால் உடனே பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போங்கள். 50 வயது ஆனவர்கள் எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே, எடுக்க வேண்டும். 40களில் இருப்பவர்கள் டாக்டரிடம் பேசி முடிவு செய்யுங்கள்.