இடம் கூட்டினால் கல்லூரி பெருகுமா?

(கும்பகோணத்தில் பெற்றோரும் ஆசிரியர்களும் கூடிய அவையில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, பிளஸ் டூ முடித்த பிள்ளைகளோடு வந்திருக்கும் பெற்றோர்களே, வணக்கம்.

கல்லூரிக்கு வரும் பிள்ளைகள் பெருகியிருக்கிறார்கள். இது நமக்குப் பெருமை. 2021-22 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு. நாட்டின் சராசரி 28.4 விழுக்காடு. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. நடவுக்குப் போகும் தாயின் மகளுக்குப் படி தாண்டும் துணிவு வந்திருக்கிறது.

விண்ணப்பம் குவியும்போது அரசு கலைக் கல்லூரிகளில் 20 விழுக்காடு இடம் கூட்டிக்கொள்ள அனுமதி தருகிறார்கள். 40 இடம் 48 ஆகிறது. ஆனால் வேதியியல் ஆய்வகம் வளர்வதில்லை. 40 பேரை இருபது இருபதாகப் பிரித்துச் செய்முறை நடத்திய இடத்தில் இப்போது 24 பேர். மேசை 20 என்றால் நான்கு பிள்ளைகள் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டும். சொட்டுச் சொட்டாகத் திரவம் விடும் கண்ணாடிக் குழாயான பியூரெட்டைத் தானே பிடித்துத் திறக்காதவருக்கு, நிறம் மாறும் அந்த ஒரு சொட்டு பிடிபடவே பிடிபடாது.

சரி, பதினாறு பதினாறாக மூன்று அணி வைப்போம் என்றால், அந்த மூன்றாவது அணிக்கு வாரம் 3 மணி கூடுகிறது. மூன்று ஆண்டு வகுப்புகளுக்கும் சேர்த்து 9 மணி. உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரடி வகுப்பு என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதி. ஆக, எட்டு இடம் கூட்டினால் ஓர் ஆசிரியரின் வேலையில் பாதிக்கு மேல் கூடுகிறது, ஒரே துறையில். இடத்துக்கு ஆணை போடுகிறவர்கள் இந்தக் கணக்கையும் போட வேண்டும்.

இன்னொரு வழி, ஒரே கட்டடத்தில் ஒரு கூட்டம் முடிந்து அடுத்த கூட்டம் படிப்பது. தண்ணீர் குறைந்தால் முறை வைத்துப் பாய்ச்சுவோமே, அதுதான் இந்த ஷிப்ட். கட்டடத்தை மிச்சப்படுத்தும், தவறில்லை. ஆனால் கண்ணாடிக் கருவி இருமடங்கு உடையும், வேதிப்பொருள் இருமடங்கு தீரும். இரண்டாம் ஷிப்ட் பெரும்பாலும் நிரந்தரப் பணி இல்லாத கௌரவ விரிவுரையாளர்களின் தோளில்தான் ஓடுகிறது.

காவிரி டெல்டாவுக்கென்று இன்னொரு சிக்கல் உண்டு. ஒரு கல்விப் பருவத்துக்கு, அதாவது செமஸ்டருக்கு, 90 வேலை நாள் வேண்டும். கூடுதல் இடம் கடைசியில்தான் நிரம்பும். அதில் சேரும் பிள்ளை பாதி ஆகஸ்டில் வகுப்புக்குள் நுழைந்தால், அக்டோபர் கடைசியில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். நாகையிலும் திருவாரூரிலும் மயிலாடுதுறையிலும் விடுமுறை மேல் விடுமுறை. பாடம் ஓடுகிற ஓட்டத்தில் முதலில் விழுபவர் அந்தப் பிள்ளைதான். கடைமடைக்குத் தண்ணீர் எட்டாத கதையை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பல்கலைக்கழகத்துக்கும் சுமை உண்டு. 10,000 மாணவர் கூடினால், ஆளுக்கு 6 தாளென்று பருவத்துக்கு 60,000 விடைத்தாள். நாளுக்கு 40 திருத்தினாலும் 1,500 ஆள்நாள். திருத்துபவர்களும் அதே ஆசிரியர்கள்தான். முடிவு தாமதமானால் முதுகலைச் சேர்க்கை தவறிப்போகும்.

அதனால் இடம் கேட்டு மனு கொடுக்கும்போது, அதே மனுவில் மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். கூடும் பாடவேளைக்கு ஏற்ற நிரந்தரப் பணியிடம். கூடுதல் இடத்துக்கான ஆணை முதல் கலந்தாய்வுக்கு முன்பே. இரண்டாம் ஷிப்ட் மணி அடித்த பிறகு, சுற்றுவட்ட ஊர்களுக்குப் புறப்படும் ஒரு நகரப் பேருந்து.