கடலோரப் புறநகரில் வீடு: வாங்கும் முன் ஒரு வருடம் குடியிருந்து பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

வீடு வாங்குபவர்களுக்காகக் கட்டடத்தைப் பரிசோதித்துச் சொல்வது என் வேலை. கடலோரப் புறநகரில் குடியேற நினைக்கும் குடும்பங்கள் என்னிடம் முதலில் கேட்பது, இந்த வீட்டுக்கு இந்த விலை தகுமா என்பதைத்தான். நான் அவர்களிடம் முதலில் கேட்பது வேறு. வேலைக்குப் போகிறவர் காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவார்? இரவு எத்தனை மணிக்கு வீடு திரும்புவார்?

பிள்ளைகளுக்கு அருகிலேயே பள்ளி, மாலையில் மணலில் விளையாட்டு, நல்ல காற்று, எல்லாம் உண்மைதான். ஆனால் இத்தனைக்கும் சேர்த்துத் தன் நேரத்தைக் கொடுக்கிறவர் அந்த வீட்டில் ஒருவர் இருப்பார். வீட்டுக் கடன் என்றாவது ஒருநாள் அடைந்துவிடும், பயணம் ஓய்வு பெறும்வரை விடாது. அதனால்தான் வாங்கும் எண்ணம் இருப்பவர்களிடம், முதலில் ஒரு வருடமாவது அதே ஊரில், முடிந்தால் அதே தெருவில், வாடகைக்கு இருந்து பாருங்கள் என்று சொல்கிறேன்.

நகரத்திலிருந்து முக்கால் மணி நேரம் என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். அது ஒரு நிலையத்திலிருந்து இன்னொரு நிலையத்துக்கான நேரம். வீட்டிலிருந்து நிலையம், வண்டிக்காகக் காத்திருப்பது, இறங்கி அலுவலகம் வரை நடப்பது எல்லாம் சேர்ந்தால் எளிதாக ஒரு மணி நேரத்தைத் தாண்டும். ஒரு வழிக்கு ஒரு மணி நேரம் என்றே வைத்துக்கொண்டாலும், ஆண்டுக்கு 220 வேலை நாட்களில் 440 மணி நேரம் ஆகிறது. விழித்திருக்கும் நேரமாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய நான்கு வாரம்.

உளவியல் அறிஞர் டேனியல் கானமனும் அவருடைய சகாக்களும் டெக்சாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2004-இல் வெளியானது. முந்தைய நாள் செய்த ஒவ்வொரு காரியத்தின் போதும் மனநிலை எப்படி இருந்தது என்று கேட்டிருந்தார்கள். காலையில் வேலைக்குப் போகும் பயணம் பட்டியலின் அடியில் கிடந்தது. நீண்ட தூரம் போய்வருகிறவர்களுக்கு அதற்கு ஈடாக நல்ல வீடோ நல்ல சம்பளமோ கிடைத்திருக்கும், ஆகவே மனநிறைவில் குறை இருக்காது என்பது பொருளாதார வாதம். சூரிக் பொருளாதார அறிஞர்கள் புருனோ ஃபிரே, அலாய்ஸ் ஸ்டட்சர் இருவரும் ஜெர்மனியின் கணக்கெடுப்பில் அதைச் சோதித்தார்கள். பயண நேரம் கூடக்கூட மனநிறைவு குறைந்துதான் இருந்தது.

கடலோர ஊருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மற்றப் புறநகர்களுக்கு நாலா பக்கமும் வழி இருக்கலாம், இங்கே ஒரு பக்கம் தண்ணீர். பல ஊர்களில் ஒரே சாலை, ஒரே தண்டவாளம். இங்கிலாந்தில் டாலிஷ் என்ற கடலோரச் சிற்றூரில் 2014 பிப்ரவரியில் அடித்த புயலில் கடற்சுவர் உடைந்து, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. ஏப்ரலில்தான் மறுபடி ரயில் ஓடியது. அவ்வளவு பெரிய சேதம் அபூர்வம். ஆனாலும் வழி அடைபட்டால் மாற்று வழி என்ன என்பதைக் கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

சரி, கட்டடத்துக்கு வருவோம். கடலோர வீட்டின் நிஜமான செலவு உப்புதான். காற்றில் வரும் உப்பில் உள்ள குளோரைடு, கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியாக மெல்ல உள்ளே இறங்குகிறது. சிமென்ட்டின் காரத்தன்மையால் கம்பியின் மேல் ஒரு மெல்லிய பாதுகாப்புப் படலம் இருக்கும். குளோரைடு அதை உடைத்துவிடும். அப்புறம் கம்பி துருப்பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும், அதனால் உள்ளிருந்தே கான்கிரீட்டை நெம்பிப் பிளக்கும்.

வீடு பார்க்கப் போகும்போது புதுப் பெயின்ட்டைப் பார்த்து மயங்காதீர்கள். பால்கனித் தளத்தின் அடிப்பக்கத்தையும், கடலைப் பார்த்த சன்ஷேடின் விளிம்பையும் அண்ணாந்து பாருங்கள். கம்பி ஓடும் வாக்கிலேயே ஒரு நேர்க்கோட்டு விரிசல், அதன் ஓரத்தில் பழுப்புக் கறை தெரிந்தால், உள்ளே துரு வேலை செய்கிறது என்று அர்த்தம். ஒரு நாணயத்தால் தட்டிப் பாருங்கள். நல்ல இடத்தில் ஓசை கெட்டியாக இருக்கும், பூச்சு விட்டுப்போன இடத்தில் பொள்ளலாகக் கேட்கும். ஜன்னல் கீல், தாழ்ப்பாள், ஏசியின் வெளிப்புற யூனிட்டின் பின்பக்கத் தகடு, இந்த மூன்றையும் கையால் தொட்டுப் பாருங்கள். வீட்டுக்காரர் பராமரித்த விதம் அதில் தெரிந்துவிடும்.

எவர்சில்வர் கைப்பிடி என்று பெருமையாகக் காட்டினால், எந்தத் தரம் என்று கேளுங்கள். சாதாரணமாகப் போடும் 304 தரத்தில், கடற்காற்று பட்டால் தேநீர்க் கறை போலப் பழுப்புப் புள்ளிகள் வரும். மாலிப்டினம் என்ற உலோகம் சேர்ந்த 316 தரம் உப்பை மேலும் நன்றாகத் தாங்கும். அதையும் அவ்வப்போது நல்ல தண்ணீரால் கழுவத்தான் வேண்டும்.

அலை உடையும் இடத்திலிருந்து முதல் சில நூறு மீட்டரில் உப்புப் படிவு மிக அதிகம், அதன்பின் வேகமாகக் குறையும். அதனால், பிள்ளைகளோடு நெடுங்காலம் குடியிருக்கப் போகிற குடும்பத்துக்கு, கடலைப் பார்த்த முதல் வரிசை வீட்டை நான் பரிந்துரைப்பதில்லை. நாலு தெரு தள்ளி வாங்குங்கள். கடற்கரைக்கு நடந்தே போகலாம், பராமரிப்புச் செலவும் குறையும்.

நிலத்தடி நீரை நம்பியிருக்கும் வீடு என்றால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கரையோரத்தில் நல்ல நீர், உப்பு நீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் நல்ல நீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழம்வரை நல்ல நீர் இருக்கும் என்பது பழைய கணக்கு. திருப்பிப் பார்த்தால், மேலே உறிஞ்சி 1 மீட்டர் குறைத்தாலும் உப்பு எவ்வளவு தூரம் ஏறிவரும் என்று புரியும். கோடையின் கடைசியில் அந்தத் தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள். மழைக்காலத்தில் பார்த்தால் எல்லாம் இனிப்பாகத்தான் இருக்கும்.

1901-க்கும் 2018-க்கும் இடையில் உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. அதில் 2006-க்கும் 2018-க்கும் இடையிலான வேகம் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர். பருவநிலை மாற்றத்துக்கான ஐ.நா. அறிவியல் குழு 2021-இல் சொன்ன கணக்கு இது. வேகம் கூடாமல் இப்படியே இருந்தாலும், 25 வருடக் கடனைக் கட்டி முடிப்பதற்குள் 9 சென்டிமீட்டர் ஏறிவிடும். சும்மா இருக்கும் நாளில் அது கண்ணுக்குத் தெரியாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் பெருக்கு உயரும் நாளில் கனமழையும் சேர்ந்தால், வடிகால் கடலுக்குள் வடியாமல் தெருவுக்கே திரும்பும். வாடகைக்கு இருக்கும் வருடத்தில் அப்படி ஒரு நாள் வந்தால் குடையை எடுத்துக்கொண்டு தெருவைப் பார்த்துவிட்டு வாருங்கள். பத்திரம் எழுதும் முன் வெள்ளக் காப்பீட்டுக்கு எவ்வளவு கேட்கிறார்கள் என்றும் விசாரியுங்கள். காப்பீட்டு நிறுவனம் தயங்கும் இடத்தில் நீங்களும் தயங்குவது நல்லது.

வாடகை ஒப்பந்தத்தில் இரண்டு விஷயம். விடுமுறைக் காலத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கு விட்டால் அதிக வாடகை கிடைக்கும் என்று, வீட்டுக்காரர் நடுவில் காலி செய்யச் சொல்லலாம். ஆகவே ஒப்பந்தக் காலம் பள்ளி ஆண்டு முழுவதற்கும் இருக்கட்டும். குடிபோகும் அன்றே துரு, பூச்சு உதிர்ந்த இடம் எல்லாவற்றையும் படம் எடுத்து அவருக்கு அனுப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் காலி செய்யும்போது கடல் செய்த சேதத்துக்கு உங்கள் முன்பணம் பிடிபடும்.

விடுமுறை இல்லாத ஒரு மாதத்தில், வார நாள் இரவு எட்டு மணிக்குத் தெருவில் நடந்து பாருங்கள். பாதி வீடுகளில் விளக்கு எரியவில்லை என்றால் அவை வருடத்தில் சில நாள் வந்து தங்கும் வீடுகள். பிள்ளைகளுக்குக் கூட்டாளிகள் வேண்டும், அவசரத்துக்குக் கதவைத் தட்ட அக்கம்பக்கம் வேண்டும். அதற்கு விளக்கெரியும் தெருவாகப் பார்த்துப் போங்கள்.

பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு ஒன்று, இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம் பெரும்பாலும் அலை உடையாத, அமைதியாகத் தெரியும் இடைவெளியில்தான் ஓடும். அலை குறைவாக இருக்கிறதே என்று பிள்ளைகள் இறங்குவதும் அங்கேதான். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. பதறாமல் மிதந்து, கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும், முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். குடிபோன முதல் வாரத்திலேயே பிள்ளைகளைக் கரைக்குக் கூட்டிப்போய், அந்த இடைவெளியைக் கையால் சுட்டிக் காட்டிச் சொல்லிக்கொடுங்கள். உயிர்காப்பாளர்கள் எந்தெந்த மாதங்களில், எத்தனை மணிவரை இருப்பார்கள் என்பதையும் அன்றே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.