ஔவை கேட்ட வயது

எல்லாருக்கும் வணக்கம்.

உள்ளே வரும்போது ஒரு பெரியம்மா, "எத்தனை பிள்ளைங்கம்மா?" என்றார். கல்யாணம் ஆகவில்லை என்றேன். "தை பிறக்கட்டும், எல்லாம் கூடி வரும்" என்று கன்னத்தைத் தொட்டார். எனக்கு வயது 45. தை நிறையவே பிறந்துவிட்டது.

கல்யாணமாகாத பையன் 'மொரட்டு சிங்கிள்' என்று பனியனில் அச்சடித்துப் போட்டுக்கொள்கிறான். பெண்ணுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் 'முதிர்கன்னி'. வாழைத்தாருக்குச் சொல்வது மாதிரி. அவள் சம்பாதிக்கலாம், தம்பியைப் படிக்க வைக்கலாம், வீட்டுக் கடனை அடைக்கலாம். எல்லாம் 'அதுவரைக்கும்' செய்கிற வேலை.

ஔவையார் கதை உங்களுக்குத் தெரியும். வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்ததும் பிள்ளையாரிடம் போய், என்னைக் கிழவியாக்கிவிடு என்று வேண்டிக்கொண்டாராம். சின்ன வயதில் பக்திக் கதையாகக் கேட்டேன். இப்போது யோசித்தால் பகீரென்கிறது. ஊர் ஊராக நடக்க, அரசனிடம் நேருக்கு நேர் பேச, ஒருத்தி தன் இளமை முழுவதையும் கொடுத்துத்தான் அனுமதி வாங்க வேண்டியிருந்தது!

சரி, அது கதை. நம் மாநிலத்தில் திருமணமாகாத ஏழைப் பெண்ணுக்கு மாதம் 1,200 ரூபாய் உதவித்தொகை உண்டு. 50 வயது ஆகியிருக்க வேண்டும். கணவர் கைவிட்டவருக்கு 30 வயதிலேயே கிடைக்கும். 49 வயதுக்காரியைத் தாலுகா ஆபீசும் தை பிறக்கட்டும் என்றுதான் அனுப்புகிறது. ஒன்று மட்டும் மாறியது. 1989-இல் வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திட்டம் ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்குப் பணம் கொடுத்தது. 2022-இல் அது புதுமைப் பெண் திட்டமாகி, அரசுப் பள்ளியில் படித்தவள் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் தருகிறது. இதற்குத் தாராளமாகக் கைதட்டலாம்.

என் 28-ஆவது வயதில் அம்மா என்னைத் திருமணஞ்சேரிக்கு அழைத்துப் போனார். மாயவரம் பக்கம். அங்கே கொடுக்கிற மாலையை வீட்டில் பத்திரமாக வைத்திருந்து, கல்யாணம் ஆனதும் ஜோடியாகப் போய்த் திருப்பித் தர வேண்டும். எங்கள் மாலை மஞ்சப்பையில், சாமி அறை ஆணியில் 17 வருஷம் தொங்கியது. பூவெல்லாம் உதிர்ந்து நார்தான் மிச்சம். போன பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அம்மா அதை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துடுவோமாடி?"

"மாப்பிள்ளை இல்லாம வாங்குவாங்களாம்மா?"

"கேட்டுப் பாப்போம். அப்படியே பூம்புகாரும் பாத்துட்டு வரலாம்."